இட்லிக் கொப்பரை வாங்க வந்தவர்கள்

மழை கொஞ்சம் விட்டதும் கேட்டுவிடலாம் என்று கோமதிநாயகம் நினைத்தார். மழை விடவில்லை, அதனால் கேட்கவில்லை. மழைக்கும் கேட்பதற்கும் என்ன சம்பந்தம் என்று பிறகு தோன்றியது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஐந்து பேர் ஒரு காருக்குள் அடைந்து கிடக்கும்போது மழைச் சத்தம் பேச்சுக்குத் தடையா என்ன, திரை போட்டது மாதிரி வசதியாக அல்லவா இருக்கிறது. ஆனாலும் மழை விடட்டும் என்றுதான் மனம் சொன்னது. சிநேகிதன் ஆவுடையப்பன் இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் இரண்டு கைகளையும் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவ்வப்போது வைப்பரை ஒரு தடவை ஓடவிடுவான். முன்னால் நிற்கும் பேருந்தின் முதுகு பளிச்சென்று தெரியும், உடனே கரைந்துபோகும். அந்தப் பேருந்துக்கு முன்னால் இன்னொன்று, அதற்கு முன்னால் ஒரு பால் வண்டி, அதற்கும் அப்பால் எத்தனையோ, எல்லாவற்றுக்கும் முன்னால் எங்கேயோ ஒரு வளைவில் மலை சரிந்து சாலையில் உட்கார்ந்திருக்கிறதாம். மேலே கொடைக்கானலுக்குப் போகவும் முடியாது, பின்னால் நிற்கும் வரிசையில் திரும்பிக் கீழே இறங்கவும் முடியாது. பின் சீட்டில் அவர் மனைவி செண்பகம், ஆவுடையப்பன் மனைவி உலகம்மாள், நடுவில் அவருடைய மகள் அபிநயா. உலகம்மாள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி கண்ணை மூடியிருந்தாள். யாரும் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. முன் சீட்டில், ஆவுடையப்பனுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரசும்படி அவர். எப்போதும் அவருக்குத்தான் முன் சீட்டு. "நீ முன்னால வாடே, நீ பேசிட்டு வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வராது" என்பான் ஒவ்வொரு பயணத்திலும். இன்றைக்கும் சொன்னான். எந்த முகத்தோடு சொன்னான்? அதே முகத்தோடுதான். அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. வேறு முகம் ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

காலையில் கோவில்பட்டிக்கு இந்தப் பக்கம் டயர் பஞ்சரானபோதுதான் கல்யாணத் தரகர் கூப்பிட்டார். ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூறலில் ஜாக்கியைச் சுற்றிக்கொண்டிருந்தான், அவர் ஒரு வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்று போனை எடுத்தார். வேறொரு இடம் வந்திருக்கிறது அண்ணாச்சி, ராஜபாளையம், பையன் இன்ஜினியர் என்று ஆரம்பித்த தரகர், இவர் சும்மா இருக்கமாட்டாமல் அந்தச் சங்கரன்கோவில் இடம் ஏன் தட்டிப்போனது என்று கேட்டதும் கொஞ்சம் தயங்கினார். "அதை விடுங்க அண்ணாச்சி, முடிஞ்ச கதை." முடிந்த கதையைத்தானே கேட்கிறேன் என்றார் இவர். "உங்க கூட்டாளி ஆவுடையப்பன் பாத்திரக் கடையிலதான் விசாரிச்சிருக்காங்க. இட்லிக் கொப்பரை வாங்குத மாதிரி போயி மெல்லப் பேச்சைக் குடுத்திருக்காங்க. பொண்ணுக்கு உடம்புக்கு எதுவும் உண்டுமான்னு நேராவே கேட்டிருக்காங்க போல. அவரு வலிப்பு விசயத்தைச் சொல்லிட்டாராம்." எல்லாரும் விசாரிக்கிறதுதான். பெண் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பெண் வீட்டுத் தெருவுக்கு வருவார்கள். மளிகைக் கடையில் கால் கிலோ பருப்பு, டீக்கடையில் ஒரு டீ, நடுவில் ஒரு கேள்வி. தெருவும் அதற்குத் தயாராக இருக்கும். எங்க தெருவிலேயே அந்தப் புள்ளை மாதிரி வராது என்று தராசைப் பிடித்தபடியே சொல்லும். இதெல்லாம் ஒரு முறை, ஒரு மரியாதை. கேட்பவனுக்கும் முழுதாக நம்பிக்கை கிடையாது, சொல்பவனுக்கும் மனசாட்சி உறுத்துவது கிடையாது. இவ்வளவு காலம் இப்படித்தான் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன. இவனுக்கு மட்டும் என்ன வந்தது? அதுகூடப் பிறகு. அவர் மனம் போய் இடித்துக்கொண்டு நின்றது அந்த இட்லிக் கொப்பரையில். வாங்கினார்களா, பார்த்துவிட்டு வைத்துவிட்டார்களா? வாங்கியிருந்தால் பித்தளையா, அலுமினியமா? முதலில் சொல்லிவிட்டு அப்புறம் விற்றானா, விற்றுவிட்டு அப்புறம் சொன்னானா? தட்டுகளை எடுத்துக் குழி சுத்தமாக இருக்கிறதா என்று காட்டியபடி, மூடியைத் தட்டி அதன் கனத்தைக் காட்டியபடி, அபிநயாவின் வாழ்க்கையைச் சொன்னானா? பில் போட்டிருப்பான். பையில் வைத்துக் கொடுத்து, மறுபடி வாங்க என்றிருப்பான். அவனுக்கு அது வாயில் ஊறிய வார்த்தை.

"ஒரு சுளை எடுத்துக்கோ நாயகம்." ஆவுடையப்பன் கமலா ஆரஞ்சை உரித்து நாரெல்லாம் எடுத்து நீட்டினான். கார் முழுக்க அந்த வாசனை எழுந்தது. வாங்கமாட்டேன் என்று சொல்ல நினைத்த கை வாங்கிக்கொண்டது. இனிப்பாகத்தான் இருந்தது. அதற்கும் கோபம் வந்தது. நாள் முழுக்க இப்படித்தான். டயரை மாற்றிவிட்டு வந்தவன் கையைத் துடைத்ததும் முதலில் அவருக்குத்தான் டீ வாங்கி வந்தான், சர்க்கரை குறைவாக. மதுரையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி ஊரையே சுற்றிக்கொண்டு போகும்படி ஆனபோது, "நீ கண்ணை மூடு, வழியை நான் பாத்துக்கிடுதேன்" என்றான். வத்தலக்குண்டில் மதியச் சாப்பாட்டுக்கு நின்ற ஹோட்டலில் மின்சாரம் இல்லை, எதிரில் இருப்பவர் முகம் தெரியாத இருட்டில் அவர் இலையில் அப்பளத்தை நொறுக்கி வைத்தது யார் என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. தீபாவளி முடிந்த கையோடு எங்கேயாவது போய்வரலாம் என்று கிளப்பியதும் அவன்தான். "புள்ளைக்கும் ஒரு மாத்தமா இருக்கும்" என்றான். ஆமாம், மாற்றமாகத்தான் இருக்கும். கழுத்தை நெரித்துவிட்டுக் காற்று வாங்க அழைத்துப் போகிறான். தாழ்வு மண்டலம் என்று டீவியில் அத்தனை பேர் கத்தினார்கள். கிளம்பவே வேண்டாம் என்று அவர் சொன்னார், செண்பகம்தான் பிடிவாதமாக இருந்தாள். "எல்லாம் சரியாயிரும், போயிட்டு வந்துருவோம்." சரியாகவில்லை. காலையிலிருந்து வானம் இவர்களைத் துரத்திக்கொண்டே வருகிறது. கிளம்பும்போது போட்ட கணக்குப்படி இந்நேரம் ஏரிக்கரையில் வெயில் காய்ந்திருக்க வேண்டும். ஏன் அவர் இன்னும் கேட்கவில்லை? கேட்டால் அவன் இல்லை என்று சொல்லிவிடுவானோ என்ற பயமா? அவன் இல்லை என்றால் அதை நம்பவேண்டும் என்று மனம் துடிக்கும், அது தெரியும் அவருக்கு. ஆமாம் என்று சொல்லிவிட்டால்? மலைச்சாலையின் நடுவில், அவன் காரில், அவனோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டு, இறங்கிப் போக இடமில்லாமல் அந்த ஆமாமை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவனாகச் சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். அதற்கு ஒரு வாய்ப்பு, இன்னொரு வாய்ப்பு. மேலே போய்ச் சேர்வதற்குள் அவனாகச் சொல்லிவிட்டால் ஒருவேளை மன்னித்துவிடலாம். சொல்லாவிட்டால் இத்தோடு சரி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் தொடங்கியது இந்த ரோட்டில் முடியட்டும். இப்படி ஒரு தீர்மானம் செய்துகொண்டதும் நெஞ்சுக்குள் ஏதோ கெட்டியானது. நீதிபதி ஆசனத்தில் ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு திருப்தி. அது திருப்திதானா என்று உடனே சந்தேகமும் வந்தது.

கண்ணாடியில் மூச்சு படிந்து வெள்ளையாகியிருந்தது. அபிநயா பின்னாலிருந்து கையை நீட்டி அவர் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டாள். மெலிந்த மணிக்கட்டு, வாட்சின் கறுப்புப் பட்டை. ஒன்பதாவது படிக்கும்போது இந்தக் கை இழுத்துக்கொண்டதை முதன்முதலில் பார்த்தவன் ஆவுடையப்பன்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் ஏதோ வாங்க அவன் கடைக்குப் போனாள், அடுக்கி வைத்த தம்ளர்களோடு கீழே விழுந்தாள். அவர் ஓடிப்போனபோது கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பட்டப்பகலில், வியாபாரம் மும்முரமாக நடக்கும் நேரத்தில், தெருவில் போகிறவர்கள் பார்க்கக்கூடாது என்று அவனே இழுத்து விட்டிருந்தான். குனிந்து உள்ளே நுழைந்தால் தரை முழுக்கத் தம்ளர்கள் உருண்டு கிடக்க, நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவளை ஒருக்களித்துச் சாய்த்துப் பிடித்திருந்தான். அவள் வாயோரம் வழிந்ததைத் தன் தோள் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்லடே, ஒண்ணுமில்ல, சரியாயிரும்" என்றான், அவளிடமா இவரிடமா என்று தெரியாத குரலில். அன்றைக்கு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதது ஞாபகமிருக்கிறது. வெளியே தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் ஞாபகமிருக்கிறது. அவனும் சொல்லவில்லை, எத்தனையோ வருடங்களாக, தன் பெண்டாட்டியிடம்கூட. மாத்திரை பழகி, வலிப்பு நின்று, அவள் எம்.எஸ்ஸி. முடித்து, கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போன பிறகு அந்த விஷயமே இல்லாமல் போய்விட்டது என்று அவர் நம்பத் தொடங்கியிருந்தார். இல்லாத விஷயத்தை எதற்குச் சொல்லவேண்டும்? அதை ஏன் ஒருவன் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு எடுத்துக் கொடுக்கவேண்டும்? ஷட்டரை இழுத்து விட்டவனும் இவன்தானே. அவ்வளவு பெரிய ஷட்டரை இழுக்க முடிந்தவனுக்குத் தன் உதடுகளைச் சேர்த்துப் பிடிக்க முடியாமல் போனதா?

இவரிடமும் ஒரு தடவை வந்தார்கள். ஆவுடையப்பனின் மகன் செல்வகுமாருக்குப் பெண் கொடுக்கப்போகும் தென்காசிக்காரர்கள், தாலுகா ஆபீஸுக்கே தேடிக்கொண்டு வந்து, வருமானச் சான்றிதழ் பற்றி எதையோ கேட்பதுபோல உட்கார்ந்தார்கள். பையன் குடிப்பானா என்றார்கள். செல்வகுமார் சாயங்காலமானால் எங்கே இருப்பான் என்று ஊருக்கே தெரியும். கோமதிநாயகம் கோப்பை மூடிவைத்துவிட்டு, "தங்கமான பையன்ங்க, என் கண்ணு முன்னால வளந்தவன்" என்றார். கண் இமைக்காமல் சொன்னார். சொன்னதை ஆவுடையப்பனிடம் வந்து சொன்னபோது அவன் இவர் கையைப் பிடித்துக்கொண்டான். கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் அப்புறம் தென்காசிக்கே போய்விட்டது, அது வேறு விஷயம், ஆயிரம் காரணம் இருக்கும். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடக்கூடாது. நான் சொன்னேனா இல்லையா? உனக்காகச் சொன்னேனா இல்லையா? நட்பு என்றால் அதுதானே. உண்மையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அதற்குச் சிநேகிதன் எதற்கு?

மழை தூறலானது. வண்டிகளின் கதவுகள் திறந்து ஆட்கள் இறங்கினார்கள். யாரோ கல்லூரிப் பையன்கள் ரோட்டிலேயே பாட்டுப் போட்டு ஆடினார்கள், பாறையிலிருந்து புதிதாக முளைத்த அருவியில் ஒரு குரங்கு நனைந்து உட்கார்ந்திருந்தது. "வா, காலை நீட்டிட்டு வருவோம்" என்று ஆவுடையப்பன் குடையை எடுத்தான். இருந்தது ஒரே குடை. அவன் அதை இவர் பக்கம் சாய்த்துப் பிடிக்க, அவனுடைய இடது தோள் நனைந்துகொண்டே வந்தது. அதைக் கவனிக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு அதையே கவனித்தபடி நடந்தார். மேலேயிருந்து இறங்கி வந்த ஒருவர், மரமும் மண்ணும் சேர்ந்து கிடக்கிறது, இப்போதுதான் ஜேசிபி வந்திருக்கிறது என்றார். "எப்ப அண்ணே விடுவாங்க?" "அந்த ஜேசிபிக்காரன் மொதல்ல டீ குடிச்சு முடிக்கணும் தம்பி, அப்புறந்தான் மத்தது." ஆவுடையப்பன் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, தடுப்புச் சுவரில் கைவைத்துப் பள்ளத்தைப் பார்த்தான். கீழே மேகம்தான் இருந்தது. "நாயகம்." குரல் வேறு மாதிரி இருந்தது. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டே." வந்துவிட்டது. சொல்லு, சொல்லித் தொலை, நான் மன்னிக்கவேண்டும், எனக்கு மன்னித்துவிடவேண்டும் போல இருக்கிறது. "சொல்லு" என்றார். அந்த நேரம் பார்த்து மேலே ஜேசிபி உறுமியது, ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஓவென்று கத்தினார்கள். ஆவுடையப்பன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். திரும்பிவந்த முகத்தில் அது இல்லை. "ஒண்ணுமில்ல, மேல போயிச் சொல்லுதேன். குளுருது, வா." அவ்வளவுதான். குடை மறுபடி இவர் பக்கம் சாய்ந்தது.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் செண்பகம் அதிரசத் தூக்கை நீட்டினாள். "அண்ணே, எடுத்துக்கிடுங்க. என்னாச்சாம்?" ஆவுடையப்பன் எடுத்துக்கொண்டான். மென்றான். மெல்லுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான் அவரை அறுத்துவிட்டது என்று பிறகு நினைத்துக்கொண்டார். மகா பாதகங்களுக்கு அசையாத மனம் ஒருவன் அதிரசம் மெல்லுகிற சத்தத்தில் உடைந்துபோகிறது.

"ஏம்ப்பா ஆவுடை," என்றார், முன்னால் நின்ற பேருந்தைப் பார்த்தபடி. "சங்கரன்கோவில்காரங்க வாங்கிட்டுப் போனாங்களே இட்லிக் கொப்பரை, அது பித்தளையா, அலுமினியமா?"

மெல்லுகிற சத்தம் நின்றது. பின்னால் உலகம்மாளின் கையிலிருந்து எலுமிச்சம்பழம் விழுந்து எங்கோ உருண்டது. ஆவுடையப்பன் வாயைத் திறப்பதற்கு முன்னால் செண்பகத்தின் குரல் வந்தது.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

அவர் மெல்லத் திரும்பினார். முதலில் விளங்கவில்லை. என்ன கேட்கிறீர்கள் என்று அவள் கேட்டிருக்கவேண்டும். எந்தக் கொப்பரை, எந்தச் சங்கரன்கோவில் என்று கேட்டிருக்கவேண்டும். அவள் அதையெல்லாம் தாண்டி வேறொரு இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்குச் சொன்னது இருக்கட்டும்," என்றார். "உனக்கு யாரு சொன்னா?"

"நான்தாம்பா," என்றாள் அபிநயா. "அவங்க வந்துட்டுப் போன அன்னைக்கே மாமா காலேஜ் வாசல்ல வந்து நின்னாங்க. 'அவங்க கேட்டாங்கம்மா, எனக்குப் பொய் சொல்ல வாய் வரல, என்னைய மன்னிச்சிரு'ன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நல்லதாப் போச்சு மாமான்னேன். மாத்திரையை எங்க ஒளிச்சு வச்சு முழுங்குறதுன்னு நான் யோசிச்சிட்டு இருந்தேன். அப்புறம் அம்மாகிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லத்தான் எங்களுக்கு…" அவள் முடிக்கவில்லை.

"இந்தப் பயணமே அதுக்குத்தான அண்ணாச்சி," என்றாள் உலகம்மாள், அழுகிற குரலில். "மேல போயி நிதானமாச் சொல்லணும்னு இவுக ராத்திரியெல்லாம் தூங்கல. காலையிலேயே சொல்லிருங்கன்னேன். டயரு வெடிச்சதும் இப்ப வேண்டாம்னாக. மதுரையில தண்ணி. அப்புறம் கரண்டு இல்ல. நான் என்ன செய்யட்டும்?"

ஆக, எல்லோருக்கும் தெரியும். காலையிலிருந்து இந்தக் காருக்குள் தெரியாதவர் ஒருவர்தான். வேப்பமரத்தடியில் கிடைத்ததைப் பொக்கிஷம்போல மடியில் கட்டிக்கொண்டு, இவனைக் கவனிக்கிறேன், இவனைச் சோதிக்கிறேன் என்று உட்கார்ந்திருந்தபோது, நான்கு பேரும் அவரைத்தான் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த ஆரஞ்சுச் சுளை, நொறுக்கிப்போட்ட அப்பளம், சர்க்கரை குறைந்த டீ, துடைத்துவிட்ட கண்ணாடி எல்லாம் நோயாளிக்குச் செய்கிற பணிவிடை. அவருக்குத்தான் உடம்பு சரியில்லை என்பதுபோல. அவருக்கு எப்போது வரும், எப்படி விழுவார், எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிக்கவேண்டும் என்று பயந்து பயந்து. அப்படி என்ன செய்துவிட்டேன் நான்? கை ஓங்கியிருக்கிறேனா? சத்தம் போட்டிருக்கிறேனா? ஒரு நாளும் இல்லை. பேசாமல் இருப்பேன், அவ்வளவுதானே. பேசாமல் இருப்பதற்கா இத்தனை பயம்?

"ஏன்டே," என்று ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "தென்காசிக்காரங்ககிட்ட நான் சொன்னேன்லா. உனக்காகச் சொன்னேன்லா."

"சொன்ன." ஆவுடையப்பன் அதிரசத்தை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான். "அந்தத் தென்காசிப் புள்ளை என் வீட்டுல இருந்துச்சு நாயகம். தினமும் காபி கொண்டாந்து குடுக்கும். நான் அது மொகத்தப் பாக்காம டம்ளரை வாங்குவேன். இவங்க வந்து கேட்டப்ப அதான் ஞாபகம் வந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"அவ என் மக."

"தெரியும்டே."

"தெரிஞ்சுமா?"

முன்னால் பேருந்து உறுமிப் புகை விட்டது. பால் வண்டி நகர்ந்திருக்கவேண்டும், வரிசையில் ஒவ்வொரு விளக்காக எரிந்தது. ஆடிக்கொண்டிருந்த பையன்கள் வண்டிகளுக்கு ஓடினார்கள். பின்னாலிருந்து ஒருவன் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தினான். எல்லாம் சரியாகிவிட்டதுபோல அத்தனை பேரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா," என்றாள் அபிநயா. முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தில் வந்து, வகுப்பில் கேட்பதுபோலச் சாதாரணமாகக் கேட்டாள். "காலையில ராஜபாளையம் இடம்னு சொன்னீங்களே, அங்க இருந்து வாராங்கன்னு வைங்க. உங்ககிட்டயே நேராக் கேக்காங்க, பொண்ணுக்கு உடம்புக்கு எதுவும் உண்டான்னு. நீங்க என்ன சொல்லுவீங்க?"

கோமதிநாயகத்தின் கண்முன்னால் அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், வெள்ளை வேட்டிகள், தட்டில் வாழைப்பழம், பெரியவர் ஒருவர் செருமிக்கொண்டு கேட்கிறார். பதிலும் கூடவே வந்தது, தென்காசிக்காரர்களுக்குச் சொன்னது மாதிரியே ஒரு துளித் தயக்கமில்லாமல், அவர் அழைக்காமலே. அதை அவர் விழுங்கிக்கொண்டார்.

"உள்ளதத்தான் சொல்லுவேன்," என்றார்.

அபிநயா சீட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் நம்பவில்லை என்பது முதுகுக்குத் தெரிந்தது. செண்பகம் தூக்கை மூட ஆரம்பித்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி வைத்து அழுத்தினாள்.

ஆவுடையப்பன் இஞ்சினைக் கிளப்பினான். கியரைப் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, "சொல்லுவாம்மா" என்றான். "உங்கப்பன் உள்ளதத்தான் சொல்லுவான். எனக்குத் தெரியாதா அவனை." குரலில் பிசிறில்லை. கண்ணில் ஒரு அசைவில்லை. கல்லாவில் உட்கார்ந்து அந்தக் குரலில் சொல்லியிருந்தால் சங்கரன்கோவில் என்ன, எந்த ஊர்க்காரனும் நம்பியிருப்பான். அபிநயாவே நம்பினாள்போல, மெல்லக் கையை எடுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

கார் நகர்ந்தது. கோமதிநாயகம் அவன் முகத்தையே பார்த்தார். ஆக, இவனுக்குப் பொய் வரும். இவ்வளவு நன்றாக வரும்.